வெட்டுப்புள்ளியும் பள்ளிப் பெருமையும்

உயர்தரப் பெறுபேறு வெளியாகிச் சில நாட்களுக்குள் கண்டியிலும் மாத்தளையிலும் பாடசாலை மதில்களில் பதாகைகள் ஏறிவிடும். மருத்துவ பீடத்துக்கு இத்தனை பேர், பொறியியலுக்கு இத்தனை பேர், சட்டத்துக்கு இத்தனை பேர். ஒவ்வொரு படத்தின் கீழும் பிள்ளையின் பெயர், நான்கு தசம தானம் வரை இசட் புள்ளி, மாவட்ட நிலை, தீவு நிலை. சந்திக்கு வந்தால் அதே பிள்ளை டியூஷன் வகுப்பின் பதாகையிலும் சிரித்துக்கொண்டிருக்கும். சில வேளை, ஐந்தாம் தரம் வரை படிப்பித்த கிராமத்துப் பாடசாலையும் தன் பங்குக்கு ஒரு துணியைக் கட்டியிருக்கும். ஒரே பெறுபேற்றுக்கு மூன்று பேர் உரிமை கோருகிறார்கள். அந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்பதை மட்டும் மூன்று பதாகையில் ஒன்றும் சொல்வதில்லை.

இந்தப் பதாகைகளைப் பார்த்துத்தான் பெற்றோர் பாடசாலைகளை ஒப்பிடுகிறார்கள். பல்கலைக்கழகம் போனவர் தொகையை வைத்துப் பாடசாலைகளைத் தரம் பிரிப்பது சரியா, அது எதை அளக்கிறது, எதை மறைக்கிறது என்ற கேள்வியை மாத்தளை மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து பார்க்கலாம். இரத்தோட்டையில் ஏறி, ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி, இலுக்கும்புரை வழியாக இறங்கினால் வருவது பல்லேகம. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு. மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளில் சனத்தொகை மிகக் குறைந்தவற்றுள் லக்கல-பல்லேகம ஒன்று. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரமே இடம் மாறிய பகுதி. பெரும்பாலும் சிங்கள விவசாயக் குடும்பங்கள். ஆனாலும் இங்குள்ள பிள்ளையின் சிக்கலும், இரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களில் தமிழில் படிக்கும் பிள்ளையின் சிக்கலும் கணக்கில் ஒன்றுதான்.

முதலில், யாரை யாரோடு ஒப்பிடுகிறோம்? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் "மேட்டுக்குடித் தனியார் பள்ளி" என்றால் பொருள் தெளிவு. பெரும் கட்டணம், பெரும் மைதானம், பழைய பெயர். இலங்கையில் அந்தப் பெயர் யாருக்குப் பொருந்தும் என்பதே சிக்கல். நாட்டின் மிகப் போட்டியான பாடசாலையாகக் கருதப்படும் கொழும்பு றோயல் கல்லூரி அரசாங்கப் பாடசாலை. கல்கிசை புனித தோமஸ், கண்டி திரித்துவக் கல்லூரி, கொழும்பு மகளிர் கல்லூரி ஆகியவை தனியார். யாழ்ப்பாணத்தில் பரி. யோவான், சுண்டுக்குளி மகளிர், புனித பத்திரிசியார், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் ஆகியவை தனியார். அவற்றோடு தோளுரசிப் போட்டியிடும் யாழ். இந்துவும் பருத்தித்துறை ஹாட்லியும் அரசாங்கப் பாடசாலைகள். 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது சில தனியே நின்றன. புதிய தனியார் பாடசாலை தொடங்குவதும் அப்போதே தடைப்பட்டது. அந்தக் கதவு மூடியபின் வந்தவைதான் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகி இயங்கும் சர்வதேசப் பாடசாலைகள்.

ஆக நம்மிடம் மூன்று வகை உண்டு. கட்டணம் குறைந்த, போட்டி கடுமையான தேசிய பாடசாலைகள். உள்ளூர்ப் பாடத்திட்டம் படிப்பிக்கும் பழைய தனியார் பாடசாலைகள். லண்டன் பாடத்திட்டம் படிப்பிக்கும் சர்வதேசப் பாடசாலைகள். மூன்றாவது வகைப் பிள்ளைகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழமையான தெரிவுக்கே வருவதில்லை. இரண்டாவது வகையிலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளில் ஒரு பகுதி மெல்பேர்னுக்கோ லண்டனுக்கோ போய்விடுகிறது. பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் போனவர் தொகையை மட்டும் எண்ணினால், நாட்டின் மிகச் செலவான பாடசாலைகள் சில பட்டியலின் அடியில் கிடக்கும். அதைப் பார்த்து அந்தப் பாடசாலைகள் மோசம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. அப்படியென்றால் இந்த அளவுகோலில் மேலே நிற்பதால் மட்டும் ஒரு பாடசாலை நல்லது என்றும் சொல்ல முடியாது. இவ்வளவு எளிய விஷயம் பதாகை கட்டும் காலத்தில் யாருக்கும் நினைவு வருவதில்லை.

இனி வெட்டுப்புள்ளிக்கு வருவோம். இலங்கையில் பாடசாலை ஒப்பீட்டைக் குழப்பும் பெரிய முடிச்சு இதுதான்.

2001 முதல் தெரிவு இசட் புள்ளியின்படி நடக்கிறது. பேராசிரியர் ஆர்.ஓ. தத்தில் முன்மொழிந்த முறை. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 75 எடுத்தவரின் இசட் 2. மூன்று பாடங்களின் சராசரி இறுதிப் புள்ளி. கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரே தராசில் வைக்க இது உதவுகிறது. ஆனால் அந்தப் புள்ளியை வைத்து இடம் கொடுக்கும் விதம் வேறு. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் குறிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கு.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2012 குடிசன மதிப்பீட்டில் மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை 484,531. நாட்டில் ஏறத்தாழ 2.4 வீதம். ஒரு துறையில் 1,000 இடம் இருந்தால் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு 550. அதில் மாத்தளைக்கு 13. அதே கணக்கில் 1,375,382 பேர் வாழும் கண்டிக்கு 37. பக்கத்து நுவரெலியாவுக்கு 19. அது பின்தங்கிய பதினாறில் ஒன்று என்பதால் அந்த 5 வீதத்திலும் பங்கு உண்டு. யாழ்ப்பாணம், பதுளை, மொனராகலை, பொலன்னறுவை, இரத்தினபுரி எல்லாம் அந்தப் பதினாறில் இருக்கின்றன. மாத்தளை இல்லை.

மாத்தளை நகரத்தைப் பார்த்தால் அது நியாயமாகவே படும். புனித தோமஸ், கிறைஸ்ட் சேர்ச், விஜய, சாஹிரா, பாக்கியம், இந்து என்று பழைய பெயரும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கண்டி ஒரு மணித்தியாலப் பயணம். பல்லேகமவுக்கு அந்த நியாயம் செல்லாது. ரிவர்ஸ்டனில் மழை பிடித்தால் அன்றைக்குப் பாதையே நிச்சயமில்லை. ஆனாலும் பல்லேகமப் பிள்ளை அந்தப் பதின்மூன்று இடங்களுக்கு மாத்தளை நகரப் பிள்ளையோடுதான் மல்லுக்கு நிற்கவேண்டும். மாவட்ட ஒதுக்கீடு மாவட்டங்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தை நிரப்பப் பார்க்கிறது. மாவட்டத்துக்குள் உள்ள பள்ளம் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதனால் பாடசாலை ஒப்பீட்டுக்கு என்ன வருகிறது? கொழும்பில் ஒரு பாடசாலை, முல்லைத்தீவில் ஒரு பாடசாலை என்று வைத்து "மருத்துவத்துக்கு எத்தனை பேர்" என்று எண்ணினால், இரண்டு வெவ்வேறு முழக்கோலால் அளக்கிறோம். கொழும்பில் இடம் தவறிய பிள்ளையைவிடக் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளை முல்லைத்தீவில் உள்ளே போயிருக்கும். அது விதியின் நோக்கம், குற்றம் அல்ல. மாவட்டம் தாண்டி ஒப்பிடுகிறவர்கள் அனுமதித் தொகையை விட்டுவிட்டு இசட் புள்ளிகளின் பரம்பலைத்தான் பார்க்கவேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் அனுமதித் தொகையை ஒப்பிடலாம். ஆனால் அங்கே வேறொரு பிரச்சினை காத்திருக்கிறது.

அதற்கு முன் ஒரு சிறு விலகல். இந்த ஒதுக்கீட்டின் கதையை நம்மவர்கள் பாதியிலிருந்துதான் சொல்வார்கள். 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலின்படி மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளியும் சிங்களமொழி மாணவர் 229 புள்ளியும் எடுக்கவேண்டியிருந்தது. அந்த அநீதியின் நினைவு இன்னும் ஆறவில்லை, ஆறவும் கூடாது. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தை அடித்தது என்பதும் உண்மை. ஆனால் அதே ஒதுக்கீட்டினால்தான் பிற்காலத்தில் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, நுவரெலியாத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல மனம் வராதவர்கள் இந்த விஷயத்தில் எழுதாமல் இருப்பது நல்லது.

சரி, மாவட்டத்துக்குள் காத்திருக்கும் பிரச்சினை. பெயர்பெற்ற பாடசாலைக்கு யார் போகிறார்கள்? நமது முறையில் வடிகட்டல் மூன்று இடங்களில் நடக்கிறது.

முதலாவது, முதலாம் தரம். தேசிய பாடசாலை அனுமதிச் சுற்றுநிருபம் அண்மையில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம், சகோதரர் படிப்போருக்கு 15 வீதம் என்று பங்கிடுகிறது. வசிப்பிடம் என்றால் தேர்தல் இடாப்பு, காணி உறுதி, மின் பட்டியல் என்று கோப்பு தடிக்கும். பாடசாலையைச் சுற்றி வீடு வாங்கக்கூடியவர், அல்லது தகப்பனும் அங்கேயே படித்தவர் என்றால் கதவு திறக்கும். கட்டணம் இல்லாத பாடசாலைக்குக் காணி விலைதான் கட்டணம்.

இரண்டாவது, ஐந்தாம் தரப் புலமைப் பரிசில். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1940களில் இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்தபோது கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல பாடசாலை கிடைக்கவேண்டும் என்பதே எண்ணம். அது நிறைவேறியது. ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. பத்து வயதில் கிராமத்துப் பாடசாலையின் முதல் ஐந்து பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்விடுகின்றன. எட்டு வருடம் கழித்து அவர்களின் படம் கண்டியில் பதாகை ஏறுகிறது. அவர்களுக்கு எழுத்தறிவித்த பாடசாலையின் கணக்கில் அந்த வருடம் பூச்சியம்.

மூன்றாவது வடிகட்டல் எல்லாவற்றையும்விட முக்கியம், அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன் உயர்தர வகுப்புக்கு நடக்கும் ஆள் சேர்ப்பு. ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளை விஞ்ஞானப் பிரிவுக்கு அழைத்துக்கொள்ள பெரிய பாடசாலைகள் தயாராக இருக்கும். சொந்தப் பிள்ளைகளிலேயே கணிதத்தில் சி எடுத்தவருக்கு "மகன், கலைப் பிரிவு பார்க்கலாமே" என்று மெல்லச் சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. இப்படி மேலே ஆளைச் சேர்த்துக் கீழே ஆளைக் கழித்தபின் வருகிற "விஞ்ஞானப் பிரிவில் 90 வீதம் சித்தி" எந்த ஆசிரியரின் உழைப்பை அளக்கிறது?

பல்லேகம போன்ற இடத்தில் இந்த மூன்றாவது கட்டம் வேறு உருவில் வருகிறது. இலங்கையின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்கும் 1ஏபி வகை ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். 1சி வகையில் கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானம் இல்லை. இரண்டாம் வகை சாதாரண தரத்தோடு நின்றுவிடும். 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவு சில கிராமங்களுக்கு ஒரு புதிய வழியைத் திறந்தது, எல்லாக் கிராமத்துக்கும் அல்ல. பெயர்ப்பலகையில் 1ஏபி என்று இருந்தாலே போதாது. இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருக்கவேண்டும், அவர் இரண்டாம் வருட நடுவில் இடமாற்றம் வாங்கிப் போகாமலும் இருக்கவேண்டும். பௌதிகவியல் ஆசிரியர் மூன்று மாதம் இல்லாவிட்டால் நகரத்துப் பிள்ளை டியூஷனில் ஈடுகட்டிக்கொள்ளும். பல்லேகமப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மாத்தளை வகுப்புக்குப் போய்வருவதே ஒரு முழுநாள் வேலை. பேருந்துக்காசு, சாப்பாடு, வகுப்புக்காசு எல்லாம் சேர்த்தால் நெல் விற்ற காசில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

ஆகவே நகரத்துப் பாடசாலையின் பெறுபேற்றில் டியூஷன் ஆசிரியரின் பங்கு எவ்வளவு, பாடசாலையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. உயர்தர இரண்டாம் வருடத்தில் பல பாடசாலைகளின் வகுப்பறைகள் பாதி காலியாகக் கிடப்பது ஊருக்கெல்லாம் தெரிந்த இரகசியம். பிள்ளை வீட்டில் அல்லது வகுப்பில் படிக்கிறது. வரவு இடாப்புக்காக மட்டும் சீருடை போட்டு வருகிறது. பெருமை பாடசாலைக்கு.

பெயர்பெற்ற பாடசாலைகள் உண்மையில் எவ்வளவு கூட்டிக் கொடுக்கின்றன என்பதை மற்ற நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் நுழைவுப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் பொதுப் பாடசாலைகள் உண்டு. அப்துல்காதிரோக்லு, ஆங்கிறிஸ்ட், பாதக் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே நின்று உள்ளே போன பிள்ளைகளையும் சற்றுக் கீழே நின்று வெளியே நின்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டது. ஓரிரு புள்ளி வித்தியாசம் உள்ள பிள்ளைகள் திறமையில் ஒன்றுதான். பின்னாளில் எழுதிய பரீட்சைகளில் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அந்தப் பாடசாலைகளின் பளபளப்பான பெறுபேறுகளில் பெரும்பகுதி, உள்ளே வரும்போதே பிள்ளைகள் கொண்டுவந்தது.

இதைப் படித்துவிட்டு "பாடசாலை எதுவாக இருந்தால் என்ன" என்று முடிவுகட்டக் கூடாது. நியூயோர்க்கில் வெளியே நின்ற பிள்ளைக்கும் ஒரு சுமாரான பாடசாலை இருந்தது. அங்கே இரசாயனவியல் ஆசிரியரும் இருந்தார். பல்லேகமவில் வெளியே நிற்பது என்பது சில வேளை விஞ்ஞானப் பிரிவே இல்லாமல் நிற்பது. முதல்தரப் பாடசாலைக்கும் இரண்டாம்தரப் பாடசாலைக்கும் இடையேயுள்ள வித்தியாசம் நாம் நினைப்பதைவிடச் சிறிது. பாடசாலை இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் இடையேயுள்ள வித்தியாசம் மிகப் பெரிது. நம் பெற்றோர் முதலாவதற்காகக் காணி விற்கிறார்கள். அரசாங்கம் இரண்டாவதைக் கவனிக்காமல் விடுகிறது.

பணத்தின் வேலையைப் பற்றியும் தெளிவான ஆய்வுகள் வந்துவிட்டன. இங்கிலாந்தில் சட்டன் அறக்கட்டளை 2018இல் காட்டியது: மூன்று வருடங்களில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் வெறும் எட்டுப் பள்ளிகளிலிருந்து 1,310 பேர் போனார்கள், இன்னொரு பக்கம் ஏறத்தாழ 2,900 பள்ளிகளிலிருந்து எல்லாமாகச் சேர்த்து 1,220 பேர். அந்த எட்டில் பெரும்பாலானவை தனியார். அமெரிக்காவில் செட்டி, டெமிங், ஃப்ரீட்மன் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதி உயர் பல்கலைக்கழகங்களில், ஒரே பரீட்சைப் புள்ளி எடுத்தாலும் மேல்தட்டு ஒரு வீதக் குடும்பத்துப் பிள்ளை படிக்கப்போகும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கு மேல். பழைய மாணவரின் பிள்ளை என்ற சலுகை, விளையாட்டு, பள்ளியிலிருந்து வரும் மெச்சுரை ஆகியவை அதற்குக் காரணம். நம் இசட் புள்ளிக்கு ஆயிரம் குறை சொல்லலாம். பழைய மாணவர் சங்கத் தலைவர் தொலைபேசி எடுத்து ஒரு தசமம் கூட்ட முடியாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆனால் எண்ணிக்கைப் போட்டி படிப்பையே கெடுத்த கதைக்கு அத்தனை தூரம் போகவேண்டியதில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் நாமக்கல் இருக்கிறது. 2000களில் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பெற்றோர் நாமக்கல், இராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். காலை முதல் இரவு வரை பரீட்சைப் பயிற்சி. ஊரார் அவற்றுக்கு வைத்த பெயர் பிராய்லர் பள்ளி. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருவேற்றுவார்கள் என்ற குற்றச்சாட்டு ஓயாமல் எழுந்தது. மருத்துவ, பொறியியல் இடம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணால் தீர்மானமான காலத்தில் அது பலித்தது. 2017இல் மருத்துவத்துக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்ததும் கணக்கு மாறியது. நீட் பதினோராம் வகுப்புப் பாடத்தையும் கேட்டது. அளவுகோல் மாறியவுடன் பள்ளிகளின் பெருமையும் இடம் மாறியது. பயிற்சி மையங்களின் கை ஓங்கியது. அதே 2017இல்தான் தமிழ்நாடு அரசு மாநில, மாவட்ட முதலிடப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது; பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 வீத உள்ஒதுக்கீடு சட்டமானது. அதற்கு முந்திய வருடங்களில் அரசுப் பள்ளியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனவரை விரல்விட்டு எண்ணலாம். ஒதுக்கீடு வந்த முதல் வருடத்திலேயே எம்.பி.பி.எஸ். இடங்களில் மட்டும் 300க்கு மேல்.

அந்த 7.5 வீதத்தில் நமக்கு ஒரு செய்தி உண்டு. தமிழ்நாடு மாவட்டத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை படித்த பள்ளி எந்த வகை என்பதைப் பார்த்தது. இலங்கையின் ஒதுக்கீடு மாவட்டத்தை மட்டும் பார்க்கிறது. கல்வி வலயத்தைப் பார்க்கும் யோசனையைப் பல வருடங்களாக ஆசிரியர்கள் பேசிக்கொள்கிறார்கள். மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, கலேவல, நாவுல, வில்கமுவ என்று நான்கு வலயங்கள். மாவட்டத்துக்கு வரும் பதின்மூன்று இடத்தில் வலயத்துக்கு ஒன்றேனும் என்று வைத்தாலும் நகரத்துக்கு ஒன்பது பத்து மிஞ்சும். இதில் ஆபத்தும் உண்டு: நகரத்துப் பெற்றோர் கடைசி நேரத்தில் பிள்ளையைக் கிராமத்துப் பாடசாலையில் பதிந்துவிட்டு நகரத்தில் டியூஷன் கொடுப்பார்கள். மாவட்ட ஒதுக்கீட்டிலும் இந்தத் தந்திரம் நடந்ததால்தான், பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எங்கே படித்தார் என்று பார்க்கும் விதி இருக்கிறது. வலய ஒதுக்கீட்டுக்கு மூன்று வருடம் போதாது. ஆறாம் தரத்திலிருந்து பார்த்தால்தான் ஓரளவு சரிவரும் என்பது என் எண்ணம்.

இனி, பாடசாலைகளை ஒப்பிடாமலேயே விட்டுவிடலாமா? தமிழ்நாடு செய்ததுபோலப் பட்டியலை நிறுத்துவது பாதி மருந்து. அரசு வெளியிடாவிட்டாலும் பதாகை நிற்கப்போவதில்லை. தெரியாத விஷயத்துக்கு வதந்தி விலை வைக்கும். ஒப்பிடத்தான் வேண்டும், சரியாக ஒப்பிடவேண்டும். இங்கிலாந்தில் 2016இல் பாடசாலைகளைப் பார்க்க "முன்னேற்றம் 8" என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். பதினொரு வயதில் ஒரே மட்டத்தில் இருந்த பிள்ளைகள் பதினாறு வயதில் நாடு முழுவதும் சராசரியாக எங்கே நிற்கிறார்கள், இந்தப் பாடசாலையின் பிள்ளைகள் அதைவிட மேலா கீழா என்று கேட்கும் அளவு. குறைபாடு இல்லாமலில்லை: ஏழ்மை, பெற்றோரின் மொழி போன்றவற்றை அது கணக்கில் எடுப்பதில்லை என்ற கண்டனம் உண்டு. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இலங்கையில் அதற்கு வேண்டிய தரவு எல்லாம் இருக்கிறது. சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் நடத்துவது ஒரே பரீட்சைத் திணைக்களம். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பி எடுத்து உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த பிள்ளைகள் நாடு முழுவதும் சராசரியாக என்ன இசட் எடுக்கிறார்கள், இந்தப் பாடசாலையின் அதே பி பிள்ளைகள் என்ன எடுத்தார்கள் என்று பார்த்தால் போதும். அப்படிப் பார்த்தால் கண்டியின் சில பெரிய பெயர்கள் சராசரிக்குக் கிட்ட வந்து நிற்கும் என்றும், பெயர் கேள்விப்படாத சில மத்திய கல்லூரிகளும் தோட்டப்புறப் பாடசாலைகளும் மேலே ஏறும் என்றும் நான் பந்தயம் கட்டுவேன். பந்தயம்தான், நிரூபிக்கத் தரவு வெளியே வரவேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சிறிய பாடசாலையை ஒரு வருடப் பெறுபேற்றை வைத்து எடை போடவே கூடாது. விஞ்ஞானப் பிரிவில் பன்னிரண்டு பேர் படிக்கும் இடத்தில் ஒரே ஒரு பிள்ளை மருத்துவத்துக்குப் போனால் எட்டு வீதம். அடுத்த வருடம் பூச்சியம். ஆசிரியர் அதே ஆசிரியர், ஆய்வுகூடம் அதே ஆய்வுகூடம். ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்லலாம். இதைத் தெரியாமல் ஒரு வருடப் பூச்சியத்தைக் காரணம் காட்டிக் கிராமத்து விஞ்ஞானப் பிரிவை மூடச் சொல்லும் அதிகாரிகள் இருக்கிறார்கள்.

பல்லேகமவிலோ இரத்தோட்டையிலோ உள்ள தாய் தகப்பனுக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் என்ன? பிள்ளையைக் கண்டிக்கு அனுப்ப முடியுமானால் அனுப்பலாம், தப்பில்லை. ஆனால் அனுப்புமுன் அந்தப் பாடசாலை அதிபரிடம் பதாகையில் இல்லாதவற்றைக் கேளுங்கள். என் பிள்ளை எடுக்கப்போகும் பிரிவில் கடந்த ஐந்து வருடமும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள், இடையில் எத்தனை பேர் விலகினார்கள்? மேலே போனவர்களில் சாதாரண தரமும் இங்கேயே படித்தவர் எத்தனை பேர்? மூன்று பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இப்போது இருக்கிறாரா? விடுதிக்கும் டியூஷனுக்கும் மாதம் என்ன செலவு? சாதாரண தரத்துக்குப் பிறகு மாவட்டம் மாறினால் எந்த மாவட்டத்தின் கணக்கில் பிள்ளை சேரும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். மாத்தளையின் வெட்டுப்புள்ளியும் கண்டியின் வெட்டுப்புள்ளியும் வேறு வேறு நிரல்.

பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசாங்கப் பாடசாலையைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்திலும் மாகாணக் கல்வித் திணைக்களத்திலும் எந்தப் பிரஜையும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். உங்கள் வலயத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணித ஆசிரியர் வெற்றிடங்கள் எத்தனை, எந்தப் பாடசாலையில், எவ்வளவு காலமாக என்பதிலிருந்து தொடங்குங்கள்.